நிலம் காய்ந்துவிட்டதா? தரை பதிக்குமுன் ஈரலிப்பை அளத்தல்

(நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டிய பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டபோது, அனலைதீவில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த நாட்களைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் செயலாளர் நினைத்திருப்பார். திங்கட்கிழமை காலைப் படகையும், விடுதிப் பருப்பையும், வார்டன் அம்மாவையும் பற்றி வேறு பலர் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் இன்று பேசப் போவது கொங்கிறீற்று நிலத்தைப் பற்றி. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் ஊரில் ஒரு வீட்டைக் கட்டியோ திருத்தியோ இருக்கிறீர்கள் என்று கேட்டால், பாதிக் கைகளாவது உயரும். அந்த வேலையில் கடைசியாக நடப்பது தரை பதிப்பது. அவசரமும் அப்போதுதான் வருகிறது. அந்த அவசரத்தால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அனலைதீவில் எங்கள் வீட்டின் பழைய பகுதி கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அதனோடு சேர்த்து அம்மாவுக்கு ஒரு அறையும், நாங்கள் போனால் தங்க ஒரு கூடமும் கட்டுவதென்று தீர்மானித்தோம். நான் ரொறன்ரோவில், தம்பி லண்டனில். வேலையை நின்று பார்த்தது அம்மா. தீவுப்பகுதியில் இப்படிப்பட்ட வேலைகளை நின்று பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு தாயோ, ஒரு சித்தியோ, தனித்திருக்கும் ஒரு அக்காவோதான். சீமெந்தும் கம்பியும் மணலும் எல்லாம் ஊர்காவற்றுறையில் இருந்து படகில்தான் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் வேலை நிற்கும். இந்தச் சிரமங்களுக்கு நடுவில் புரட்டாதிக் கடைசியில் நிலம் கொங்கிறீற்றுப் போட்டு முடிந்தது. மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போக நான் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். கார்த்திகை நடுப்பகுதியில் லமினேற் பலகை பதிக்கச் சொன்னேன்.

அன்று மேசன் அண்ணை தொலைபேசியில் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “தங்கச்சி, நிலம் மேலாலை காய்ஞ்ச மாதிரித்தான் இருக்குது. உள்ளுக்குக் காயேல்லை. மாரியும் துவங்கியிட்டுது. தைக்குப் பிறகு பலகையைப் போடுவம்.”

“இருபத்தெட்டு நாள் தாண்டியிட்டுதே அண்ணை. பிள்ளையள் மார்கழியிலை வருகினம்” என்றேன்.

“சரி, நீங்கள் சொன்னால் போடுறன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

மார்கழியில் நாங்கள் போனோம். கூடம் மிக அழகாக இருந்தது. படம் எடுத்தோம், எல்லோருக்கும் அனுப்பினோம், திரும்பி வந்தோம். மாசி மாதம் பலகைகள் மூட்டில் மூட்டில் உப்பி எழுந்தன. அம்மா ஒருநாள் விடியப்புறம் எழுந்து நடக்கும்போது அப்படி எழுந்த மூட்டில் கால் தடக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. எழுபத்தெட்டு வயதுப் பெண்ணை ஒடிந்த கையோடு படகில் ஏற்றி இறக்குவது என்னவென்று தீவார் எல்லோருக்கும் தெரியும். நான் செய்தது என்ன தெரியுமா? மேசன் அண்ணையைத் தொலைபேசியில் ஏசினேன். கொடுக்க இருந்த கடைசிக் காசையும் கொடுக்காமல் நிறுத்தினேன். “பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது” என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

அந்தச் சித்திரையில் ரொறன்ரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறைக்குத் தரை மாற்ற ஒருவரை அழைத்தோம். அவர் பலகைப் பெட்டிகளை வாகனத்திலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, நிலத்தில் மூன்று இடத்தில் சிறு துளை போட்டு, உள்ளே விரல் அளவான உணரிகளை இறக்கி மூடினார். “நாளைக்கு வருகிறேன்” என்று போய்விட்டார். மறுநாள் கையிலிருந்த கருவியை ஒவ்வொரு துளையிலும் வைத்து இலக்கத்தைப் பார்த்தார். சுவரோரத் துளையில் அளவு கூடியிருந்தது. “இதைச் சரிசெய்யாமல் பதிக்க மாட்டேன்” என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று இரவு படுக்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. கருவி வைத்திருந்த ஒருவர் சொன்னதற்காக ஒரு நாளும் பொறுத்தேன், மேலும் பொறுக்கவும் தயாரானேன். அதே விஷயத்தைக் கை வைத்துப் பார்த்துச் சொன்ன ஊர் மனிதருக்காக இரண்டு மாதம் பொறுக்க எனக்கு மனமில்லாமல் போனது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலாவது, இருபத்தெட்டு நாள் என்ற கணக்கு. இது எங்களில் பலருக்குத் தெரியும், பலரும் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறோம். இருபத்தெட்டு நாள் என்பது கொங்கிறீற்றின் பலத்தைச் சோதிக்கும் நாள். காய்ந்துவிட்டது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கொங்கிறீற்றுப் பலம் பெறுவதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் போட்ட பின் ஒரு கிழமைக்காவது சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நனைப்பு முடிந்த பிறகே காய்தல் தொடங்குகிறது. பலமடைவதும் காய்வதும் வேறு வேறு வேலைகள்.

ஒரு 50 கிலோ சீமெந்துப் பையை எடுத்துக்கொள்வோம். சீமெந்தோடு இரசாயனமாகச் சேர்ந்து கட்டுப்படும் தண்ணீர், அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு, அதாவது பன்னிரண்டு லீற்றர் அளவில்தான். ஆனால் கலவை இளகி ஓட வேண்டும் என்பதற்காக இருபத்தைந்து லீற்றரோ அதற்கு மேலோ ஊற்றுகிறோம். மிஞ்சியது நிலத்தின் நுண்துளைகளில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்பரப்பால் ஆவியாகிப் போக வேண்டும். தடிப்பு 25 மில்லிமீற்றருக்கு ஒரு மாதம் என்று கட்டடத் துறையில் ஒரு மேலோட்டமான கணக்கு உண்டு. நான்கு அங்குல நிலத்துக்கு நான்கு மாதம். அதுவும் கூரை போட்டு, கதவு யன்னல் பூட்டி, மழை படாமல் இருக்கத் தொடங்கிய நாளில் இருந்து எண்ண வேண்டும். எங்கள் வீட்டில் நான் கொடுத்தது ஏழு கிழமை, அதுவும் மாரியில்.

இரண்டாவது, எங்கள் மண். தீவுகள் எல்லாம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்றன. ஆறு இல்லை. மழைத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கும் உவர் நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கோடையில் அந்தப் படை மெலிந்து கிணறு சவர்க்கும். மாரியில் நீர்மட்டம் நிலத்துக்குக் கிட்ட ஏறிவிடும். அப்போது நிலத்தடி ஈரம் கொங்கிறீற்றின் நுண்துளைகளால் மேலே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். இதைத் தடுக்கவே கொங்கிறீற்றுக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரிக்கிறார்கள். மேசன் அண்ணை அதையும் கேட்டிருந்தார். படகுக் கூலியோடு என்ன வரும் என்று கேட்டு, வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

மூன்றாவது, உப்பு. கடற்கரை மணலைக் கழுவாமல் கலவைக்கு எடுத்தாலோ, சவர்த் தண்ணீரால் குழைத்தாலோ, உப்பு கொங்கிறீற்றுக்குள் போய்விடும். அது உள்ளே உள்ள கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதே உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். மாரி காலத்தில் அடுப்படி உப்புச் சாடியில் உப்பு நீர்த்துப்போய் இருப்பதைப் பார்க்காத பெண் எங்கள் ஊரில் இல்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இந்த 75 என்ற இலக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரப் போகிறது.

இவ்வளவு ஈரம் நிலத்துக்குள் இருந்தால் மேலே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. ஒடியல் காயவைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியில் வெள்ளையாய்க் காய்ந்திருக்கும், முறித்துப் பார்த்தால் உள்ளே ஈரமாய் இருக்கும். அதை அப்படியே பானையில் போட்டு மூடினால் ஒரு மாதத்தில் பூஞ்சணம். கொங்கிறீற்றும் அப்படித்தான். மேல் அரை அங்குலம் சோளகக் காற்றில் காய்ந்து சாம்பல் நிறமாய் இருக்கும். அதன் மேல் ஈரம் போக விடாத பலகையையோ வைனைலையோ பதித்தால், பானையை மூடியது போல ஆகிவிடும். உள்ளே இருந்த ஈரம் மேலே வந்து எல்லா மட்டத்திலும் சமமாகப் பரவும். அந்த ஈரத்தோடு கொங்கிறீற்றின் காரமும் சேர்ந்து வந்து பசையைப் பழுதாக்கும். பலகை உப்பும், வைனைல் கொப்பளிக்கும், கீழே பூஞ்சணம் படரும்.

ஆகவே அளக்க வேண்டியது மேற்பரப்பை அல்ல, உள்ளே உள்ளதை. எவ்வளவு ஆழத்தில்? சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. ஒரு பக்கத்தால் மட்டும் காயும் நிலத்தில், தடிப்பின் 40 வீத ஆழத்தில் இருக்கும் சாரீரப்பதன்தான், மேலே மூடிய பிறகு நிலம் முழுவதும் வந்து நிற்கப்போகும் அளவுக்குக் கிட்டியது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஏ.எஸ்.ரி.எம். எப் 2170 என்ற நியமம் இந்த ஆழத்தைத்தான் சொல்கிறது. 100 மில்லிமீற்றர் நிலத்துக்கு 40 மில்லிமீற்றர் ஆழம். மாடி நிலம் போல மேலும் கீழுமாக இரண்டு பக்கத்தாலும் காய்ந்தால் 20 வீதம்.

செய்முறை கடினமானது அல்ல. தண்ணீர் ஊற்றாமல் துளை போட வேண்டும். தூசியைத் தூரிகையால் எடுத்து உறிஞ்சிச் சுத்தமாக்க வேண்டும். உணரியையோ அதற்கான குழாயையோ இறக்கி மூடிவிட வேண்டும். துளை போடும்போது ஏற்படும் சூடும் குழப்பமும் அடங்க நேரம் கொடுக்க வேண்டும். முன்பு 72 மணித்தியாலம் என்றிருந்தது, பின்னர் 24 ஆகக் குறைத்தார்கள். முதல் 1000 சதுர அடிக்கு மூன்று துளை, அதற்கு மேல் ஒவ்வொரு 1000 சதுர அடிக்கும் ஒன்று. மண்ணின் மேல் போட்ட நிலமென்றால் வெளிச் சுவருக்கு மூன்று அடிக்குள்ளும் அளக்க வேண்டும், ஈரம் முதலில் அங்கேதான் ஏறும். வீட்டில் ஆட்கள் வசிக்கும்போது எப்படி இருக்குமோ அதே வெப்பத்திலும் காற்றிலும் இரண்டு நாளாவது வைத்திருந்த பிறகு அளக்க வேண்டும்.

உணரிக்குள் இருப்பது ஒரு மெல்லிய பல்பகுதியப் படலம். அது ஈரத்தை உறிஞ்சும்போது அதன் மின் கொள்ளளவம் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி சாரீரப்பதனாக்கிக் காட்டும். புதிய கருவிகள் புளூரூத் வழியாகக் கைத்தொலைபேசிக்கு வாசிப்பை அனுப்புகின்றன. நாள், நேரம், வெப்பநிலை எல்லாம் அதோடு பதிவாகும். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தொலைபேசி மட்டும் ஈரலிப்பை அளக்காது. செயலி ஒன்றைத் தரவிறக்கி நிலத்தைப் படம் எடுத்தால் ஒன்றும் தெரிய வராது. உணரி நிலத்துக்குள் போக வேண்டும்.

இன்னும் இரண்டு வகைக் கருவிகள் கடைகளில் இருக்கின்றன. இரண்டு ஊசியை நிலத்தில் அழுத்தி மின்தடையை அளப்பது ஒன்று. ஊசியில்லாமல் மேலே வைத்தால் ஏறத்தாழ ஒரு அங்குல ஆழம் வரை பார்ப்பது மற்றது. கூடத்தில் எந்த இடம் ஈரம், எந்த இடம் காய்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இவை நல்லவை. துளை எங்கே போடுவது என்று தீர்மானிக்கவும் உதவும். ஆனால் இவற்றை மட்டும் நம்பித் தரை பதிக்கக்கூடாது. எங்கள் தீவுகளில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். உப்பு ஏறிய நிலத்தில் ஊசிக் கருவி உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டிவிடும். மரத்துக்கென்று செய்த கருவியைக் கொங்கிறீற்றில் வைத்து வாசிப்பதும் பிழை.

விலை கூடிய கருவி எல்லோரிடமும் இருக்காது. அதற்கும் வழி உண்டு. பிரித்தானியாவில் நெடுங்காலமாகச் செய்யும் முறை, நிலத்தின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காற்றுப் போகாமல் ஒட்டி, உள்ளே ஈரப்பதன்மானியை வைப்பது. நல்ல பிளாஸ்ரிக் பெட்டி, நல்ல ஒட்டுநாடா, மலிவான ஒரு டிஜிற்றல் ஈரப்பதன்மானி போதும். குறைந்தது மூன்று நாள், இலக்கம் அசையாமல் நிற்கும் வரை விட வேண்டும். பதினெட்டு அங்குலச் சதுரப் பொலித்தீனை ஒட்டி ஒரு இரவு விட்டுப் பார்ப்பதும் உண்டு. அடியில் நீர்த்துளி கண்டால் நிலம் ஈரம் என்பது நிச்சயம். காணாவிட்டால் காய்ந்தது என்று அர்த்தமில்லை.

மலிவான கருவி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படி அறிவது? இங்கேதான் உப்புச் சாடி உதவிக்கு வருகிறது. ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல் போல ஆக்குங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதன்மானியையும் காற்றுப் போகாத போத்தலில் சேர்த்து மூடி ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் வந்து நிற்கும். எங்கள் ஊர் வெப்பநிலைகளில் அது மாறுவதில்லை. உங்கள் கருவி 71 காட்டினால் அது நான்கு குறைத்துக் காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடங்களிலும் இதே உப்புக் கரைசலைக் கொண்டுதான் உணரிகளைச் சரிபார்க்கிறார்கள்.

பிரித்தானிய நியமம் வைனைல் போன்ற தரைகளுக்கு வைத்திருக்கும் எல்லையும் 75 வீதம்தான். மரத்துக்கு அதைவிடக் குறைவு. அமெரிக்க நியமம் ஒரு எல்லையைச் சொல்வதில்லை, தரையையும் பசையையும் செய்தவர் சொல்லும் அளவைப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே வாங்குமுன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

அந்த ஆடி மாதம் நான் கருவியோடு அனலைதீவுக்குப் போனேன். முதலில் மேசன் அண்ணை வீட்டுக்குப் போய், நிறுத்தி வைத்த காசைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் காசை எண்ணவில்லை. “கையிலை என்ன?” என்றுதான் கேட்டார். இருவருமாக வந்து கூடத்தில் பலகைகளைக் கழற்றினோம். மூன்று துளையை அவரே போட்டார். அம்மாவின் அடுப்படியில் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் உப்பு வைத்துக் கருவியைச் சரிபார்த்தோம். மறுநாள் வாசித்தோம். 91, 89, வெளிச் சுவரோரம் 94. போட்டுப் பத்து மாதமாகியும் நிலம் அப்படி இருந்தது. மூடி வைத்தால் எங்கே காயும்?

மேசன் அண்ணை இலக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மிசின் சொன்னதைத்தானே தங்கச்சி நானும் சொன்னனான்.” பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என்ர சொல்லு கடல் தாண்டாது. உந்த இலக்கம் தாண்டும் போலை கிடக்கு” என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு என்னைப் போல இன்னும் பல வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் திருவிழாவோ கலியாணமோ விடுமுறையோ ஒரு நாள் குறித்திருக்கிறது. வேலையைக் கெடுத்தவர் என்ற பேர் மட்டும் கடைசியில் அவருக்கு வரும். அந்தக் கருவியை நான் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். இப்போது அவர் துளையையும் இலக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஊரில் நிற்கும் தாயும், ரொறன்ரோவில் இருக்கும் மகளும், மேசனும் ஒரே இலக்கத்தைப் பார்க்கிறார்கள். சண்டை குறைகிறது என்று அவரே சொன்னார்.

இலக்கம் எப்போதும் “பொறு” என்று மட்டும் சொல்லாது. இதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். காற்றை விட நிலம் காய முடியாது. தீவில் இரவும் மாரியும் சேர்த்துப் பார்த்தால் காற்றின் ஈரப்பதனே பல நாட்களில் 75க்கு மேல். கீழே பொலித்தீனும் இல்லாத நிலம் எத்தனை மாதம் பொறுத்தாலும் மரப்பலகைக்கு ஏற்றதாக வராது. அப்படியென்றால் இரண்டு வழி. ஒன்று, ஈரத்தைத் தடுக்கும் எப்பொக்சிப் பூச்சைச் சரியான முறையில் பூசி, அதன் மேல் பதிப்பது. அதற்குச் செலவும் கைதேர்ந்த ஆளும் வேண்டும். மற்றது, நிலத்துக்கு ஏற்ற தரையைத் தெரிவது. சீமெந்துச் சாந்தில் பதிக்கும் சுட்ட களிமண் ரைல்ஸ் ஈரத்தைப் பெருமளவு தாங்கும். அழுத்தித் தேய்த்த சிவப்புச் சீமெந்து நிலம் ஈரத்தை மேலால் போகவிடும். இடைக்கிடை வெள்ளையாய் உப்புப் பூக்கும், ஈரத் துணியால் துடைக்கப் போய்விடும்.

அம்மாவிடம் கேட்டோம். “முந்தின மாதிரிச் சிவப்புச் சீமெந்தைப் போடுங்கோ. வெறுங்காலோடை நடக்கக் குளிர்ச்சியா இருக்கும்” என்றார். அதையே போட்டோம். எங்கள் பாட்டன்மார் சாணி மெழுகியும், சுண்ணாம்புச் சாந்து போட்டும், பிறகு சிவப்புச் சீமெந்து போட்டும் வாழ்ந்தது வசதி இல்லாததால் மட்டுமல்ல. அந்தத் தரைகள் எல்லாம் நிலத்தின் ஈரத்தை மூடிக் கட்டாமல் போகவிட்டவை. நாங்கள் வெளிநாட்டு வீட்டின் தரையை ஊரில் விரிக்கப் போகிறோம் என்றால், அந்த நாட்டில் செய்யும் சோதனையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். பலகையை மட்டும் கொண்டுபோகக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை, லண்டனில் பின்பக்கம் இழுத்துக் கட்டிய புது அறை, மெல்பேணில் மண்ணின் மேல் போட்ட கொங்கிறீற்று நிலம், எங்கே என்றாலும் இதே விதிதான். தரை போடுபவர் அளக்காமல் தொடங்கினால், “எத்தனை வீதம்?” என்று கேளுங்கள். அளந்த தாளை வாங்கி வையுங்கள். பிறகு பழுது வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

கடைசியாக, இன்று நான் இந்த விஷயத்தை எடுத்ததற்குக் காரணம். எங்கள் நூற்றாண்டு மண்டபத்தின் நிலம் இரண்டு மாதத்துக்கு முன் போட்டு முடிந்தது. அதன் மேல் மர நிறத்தில் வைனைல் பதிப்பதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. திறப்பு நாள் அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கனடாவில் இரவு வேலை செய்யும் ஒருத்தி அனுப்பியதும், இங்கே ஓய்வூதியத்தில் இருந்து ஒரு ஆசிரியை கொடுத்ததும் அதில் இருக்கிறது. அந்தத் தரையில்தான் எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு நடனம் ஆடப் போகிறார்கள்.

நான் கேட்பது சிறிய விஷயம். பதிக்குமுன் துளை போட்டு அளக்க அனுமதி தாருங்கள். கருவிச் செலவை நான் ஏற்கிறேன். இலக்கம் எல்லைக்குள் வந்தால் குறித்த நாளில் திறப்போம், சந்தோஷம். வராவிட்டால், வெறும் சீமெந்து நிலத்தில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, அதே நாளில் மண்டபத்தைத் திறப்போம். தரையைக் கோடையில் பதிப்போம். நூறு ஆண்டு நின்ற கல்லூரிக்கு இன்னும் நாலு மாதம் பொறுப்பது பெரிய காரியம் அல்ல. நாள் அச்சாகிவிட்டதே என்று யாராவது சொன்னால், என் அம்மாவின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் மேசன்மார் “இன்னும் காயேல்லை” என்று சொன்னால், அதை முதல் வாசிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.